பாத்துக்கோங்க

பெட்டி அன்று காலையிலும் வந்து நின்றது. கணினியைத் திறந்த கையோடு, திரையின் வலது மூலையில், பாதி திறந்த கதவில் காலை வைத்துக்கொண்டு பேசும் விற்பனைக்காரரைப் போல, நீல நிறத்தில் சின்னதாக. 'உங்கள் பிரவுசரின் புதிய பதிப்பு தயார். முன்னைவிட வேகம், முன்னைவிடப் பாதுகாப்பு.' அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'இப்போது', இன்னொன்று 'பிறகு'. 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான் இல்லை என்பதை நூலகக் கணினி அறையின் பொறுப்பாளர் போன முறையே கவனித்திருந்தாள். இவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் மறுப்பதற்கு மட்டும் ஏன் இடம் வைப்பதில்லை என்று அவளுக்குச் சந்தேகம். 'பிறகு' என்பதை அழுத்தினாள். பெட்டி மரியாதையாக மறைந்தது. நாளைக்கு மறுபடி வரும்.

நூலகத்தின் முதல் மாடியில், நாளிதழ்ப் பகுதியைத் தாண்டி, பழைய வரைபடங்கள் கிடந்த அறையைக் காலி செய்து கணினி அறை ஆக்கியிருந்தார்கள். எட்டுக் கணினிகள், எட்டு நாற்காலிகள். அவற்றில் இரண்டு ஆடும். வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் கணினி இல்லாதவர்கள். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், பரீட்சை முடிவு பார்க்கிறவர்கள், ஓய்வூதிய அலுவலகத்தோடு மல்லுக்கு நிற்கும் பெரியவர்கள். அவர்களுக்கெல்லாம் அவள் 'கம்ப்யூட்டர் மேடம்'. உண்மையில் அவள் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. கீழே புத்தகங்களுக்கு எண் எழுதும் பிரிவில் இருந்தவளை, "நீங்கதான் இங்க பொறுமைசாலி" என்று சொல்லி மாடியேற்றிவிட்டார்கள். பொறுமை என்று அவர்கள் நினைத்தது அசலில் ஜாக்கிரதை. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் தொடமாட்டாள். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பாள், அப்புறம் மோந்தும் பார்ப்பாள். பேக்கரியில் மாவு பிசையும் அவள் கணவர், "உன்னை நம்ப வைக்கிற நேரத்துல ஊரையே திருத்திடலாம்" என்பார்.

போன தடவை நம்பித்தான் கெட்டாள். புதிய பதிப்பை எட்டிலும் ஒரே காலையில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அச்சிடும் பொத்தானைக் காணோம். எங்கோ மூலையில் மூன்று கோடு போட்ட குறிக்குள்ளே கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒரு வாரம் முழுக்க ஒவ்வொருவருக்கும் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்துக் கொடுப்பதிலேயே அவள் தொண்டை கட்டிப்போனது. அதைச் செய்தவர் எவரும் இந்த அறைக்கு வந்து திட்டு வாங்கவில்லை. திட்டெல்லாம் அவளுக்கு.

பதினோரு மணிவாக்கில் தலைமை அலுவலகத்திலிருந்து டெக்னீஷியன் பேசினான்.

"மேடம், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எட்டுலயும் புதுசு போட்டாகணும். நானே வந்து பாப்பேன்."

"பழசுக்கு என்ன குறை?"

"ஓட்டை மேடம். பழசுல ஓட்டை இருக்கு."

"இவ்வளவு நாளும் அதே ஓட்டையோடதானே ஓட்டினோம்?"

"அப்ப ஓட்டை இருக்கறது யாருக்கும் தெரியாது. இப்ப தெரிஞ்சு போச்சு. அதான் ஆபத்து."

இந்தப் பதிலில் நியாயம் இருப்பது போலவும் இருந்தது, யாரோ கண்ணுக்கு முன்னால் எதையோ மாற்றி வைத்துவிட்டது போலவும் இருந்தது. "சரி, பாக்கறேன்" என்று ஃபோனை வைத்தாள். 'பாக்கறேன்' என்றால் செய்கிறேன் என்று அர்த்தமில்லை என்பது டெக்னீஷியனுக்கும் தெரிந்திருக்கும்.

நான்கு மணிக்கு ஆறாம் நம்பர் வந்தார். அவருக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. எட்டுக் கணினிகளும் காலியாக இருந்தாலும் ஆறாவதில்தான் உட்காருவார். அது மூலையில் இருப்பது; அங்கே உட்காருகிறவருக்கு முதுகுப் பக்கம் சுவர். பின்னால் யாரும் சாதாரணமாகப் போய்விட முடியாது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு, செருப்பை அறைக்கு வெளியே நேராக விட்டுவிட்டு வருவார். அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எதையும் அச்சடிக்கமாட்டார், தட்டச்சு செய்யும் சத்தம் அவரிடமிருந்து வராது, ஒரு தடவைகூட உதவி கேட்டதில்லை. உதவி கேட்கிறவர்களால் அவளுக்குத் தலைவலி என்றாலும், உதவி கேட்காதவர்கள்மேல்தான் அவள் கண் அதிகம் போகும்.

அன்றைக்கு அவர் நேரே மேசைக்கு வந்தார்.

"மேடம், ஆறாம் நம்பர்ல மட்டும் அந்தப் புதுசைப் போட்டுடாதீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில், கெட்டுப்போகாத கணினியைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் இவர்தான்.

"ஏன்?"

"மூணாம் நம்பர்ல போன வாரம் யாரோ தெரியாம அமுக்கிட்டாங்க. புதுசு வந்துருச்சு. ஆறு காலியில்லாத அன்னைக்கு அதுல உக்காந்தேன், நான் பாக்கறது வரமாட்டேங்குது. சாம்பல் கலர்ல ஒரு கட்டம் மட்டும் நிக்குது."

"நீங்க என்ன பாக்கறீங்க?"

"ரோடு."

"ரோடா?"

"ரோடுதான். டிரைவரா இருந்தவன் இல்லையா, ரோட்டைப் பாக்காம இருக்க முடியல." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு நொடி முந்திக்கொண்டு வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டிலேயே தயார் செய்து எடுத்து வந்த சிரிப்பு.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் கைமுட்டியில் ஒட்டியிருந்த காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"ஏதாவது கடையை நோட்டம் விடறாரோ? இத்தனை மணிக்குத் திறக்கறாங்க, இத்தனை மணிக்கு மூடறாங்கன்னு?"

"அப்படியும் இருக்கலாம்."

"அந்த வயசுல கொள்ளையடிக்கறது பெரிசில்ல. அடிச்சிட்டு ஓடணுமே."

அவள் சிரிக்கவில்லை. ஒருத்தர் ரோட்டைப் பார்ப்பதற்கு வெளியே போய் நின்றாலே போதும். அதற்கு எதற்கு ஒரு கணினி, அதுவும் யாரும் பின்னால் வர முடியாத கணினி?

மறுநாள் நான்கு மணி தாண்டியதும், சுவரோரம் ஓடும் வயரைச் சரிபார்க்கிற சாக்கில் ஆறாம் எண்ணின் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தாள். குனிந்து வயரை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிரும்போது திரையைப் பார்த்தாள். உண்மையிலேயே ரோடுதான். ஏதோ ஒரு தூரத்து நகரத்தின் நாற்சந்தி, உயரமான கம்பத்திலிருந்து பார்ப்பது போல. அங்கே இன்னும் காலை வேளை. வெள்ளைக் கோடு போட்ட கடவுப்பாதை, நடுவில் திட்டு, அரிசி மணி அளவு மனிதர்கள். படம் கொஞ்சம் தயங்கித் தயங்கி நகர்ந்தது. ஒருத்தர் கால் எடுத்து வைத்தால் அடுத்த நொடி இரண்டு அடி தள்ளி இருந்தார். பெரியவர் அவள் நிற்பதைக் கவனிக்கவில்லை. அவர் வலது கால், மேசைக்கு அடியில், பிரேக்கை மிதிப்பது போல லேசாக அழுந்தி இருந்தது. திடீரென்று அவர் முகம் திரையை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது. இடது பக்கத்திலிருந்து வந்த ஏதோ ஒரு அரிசி மணியோடு அவருடைய கழுத்து மெல்லத் திரும்பிக்கொண்டே போனது, கோட்டைத் தாண்டி, திட்டைத் தாண்டி, வலது ஓரத்தில் படம் முடிகிற இடம்வரை. அது மறைந்ததும் மூச்சை விட்டார். பக்கத்தை மூடினார். எழுந்தவர் அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு அது?" என்றாள்.

வாசலைப் பார்த்தார். பொய் சொல்ல ஒருத்தர் எடுத்துக்கொள்கிற நேரம் அவளுக்குத் தெரியும். அதைவிட அதிகமாக எடுத்துக்கொண்டார்.

"மக."

"உங்க மகளா?"

"அந்த ஊர்லதான் வேலை. தினமும் அந்த ரோட்டைத் தாண்டித்தான் ஆஃபீசுக்குப் போறா. என் தங்கச்சி மகதான் தெருப் பேரைச் சொன்னா. அதை வெச்சுத் தேடித் தேடி இந்தக் கேமராவைப் பிடிச்சேன். எவ்வளவு நாள் தேடினேன்னு எனக்கே தெரியாது."

"இவ்வளவு சின்னதாத் தெரியுது. அவதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"நடையில தெரியும்."

"பேசறதில்லையா?"

"இல்ல."

"ஏன்?"

"அது அவளைத்தான் கேக்கணும் மேடம்."

"நீங்க பாக்கறது அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ரோட்டை மாத்திக்குவா" என்றார். யோசிக்காமல், மழை வந்தால் தரை நனையும் என்று சொல்வது போலச் சொன்னார். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியம் அவளோடு பஸ் ஏறி வீடுவரை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால், முதல் வேலைக்குப் போன நாட்களில், அண்ணன் சைக்கிளில் பின்னாலேயே வருவான். கூட வரமாட்டான். கூட வந்திருந்தால் பேசிக்கொண்டாவது போயிருக்கலாம். இருபது கஜம் தள்ளி, ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். சாயங்காலம் வேலைவிட்டு வந்தால் எதிர் நடைபாதையில் நிற்பான். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, ஒரு வார்த்தை அதட்டியதில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "பாசம்டி அது. உனக்குத்தான் புரியல" என்றாள் அம்மா. புரியாமல்தான் அவள் பின்கதவு வழியாகப் போகக் கற்றுக்கொண்டாள், கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள், சிரிப்பு வந்தால் தெருமுனை தாண்டும்வரை அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். அண்ணனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, பேரன் இருக்கிறான், அவளைப் பார்த்தால் பிரியமாகத்தான் பேசுகிறான். ஆனாலும் தெருவில் நடக்கும்போது பின்கழுத்தில் ஏதோ ஊர்வது போல இருப்பது இன்றுவரை போகவில்லை.

"பாவம் மனுஷன்" என்றார் கணவர், முழுக்கதையையும் கேட்டுவிட்டு.

"யாரு?"

"அவர்தான். பெத்த பொண்ணை எறும்பு மாதிரி பாத்துட்டுப் போறாரு."

"அந்தப் பொண்ணு?"

"அதுக்கு என்ன? அதுக்குத் தெரியவே தெரியாதே."

"அதான் சொல்றேன்" என்றாள். என்ன சொன்னாள் என்று அவருக்குப் புரியவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே படுக்கப் போனார். பேக்கரிக்காரர்களின் தூக்கம் கோழிகளோடு வருவது.

அடுத்த நாள் காலை, ஏற்கனவே புதியது வந்துவிட்ட மூன்றாவதையும் ஆறாவதையும் விட்டு, மற்ற கணினிகளில் புதிய பதிப்பைப் போட்டாள். ஒவ்வொன்றிலும் 'இப்போது' என்பதை அழுத்திவிட்டு, நீலக் கோடு நிறைந்து, திரை அணைந்து எரிந்ததும், அச்சிடும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்தாள். இருந்த இடத்திலேயே இருந்தது. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வேறு எதையாவது எடுத்திருப்பார்கள். ஆறாவதன் முன் உட்கார்ந்து கையை மவுஸின்மேல் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய என்று கையை விரித்துவிடலாம். அப்படி ஒளிந்துகொள்ள ஒரு இடம் இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நான்கு மணிக்கு அவர் வந்ததும் உட்காரவிடாமல் சொன்னாள்.

"ஐயா, அவகிட்ட சொல்லுங்க. நேராப் பேச முடியலன்னா உங்க தங்கச்சி மக மூலமாச் சொல்லுங்க. இப்படி ஒரு கேமரா இருக்கு, அதுல தினமும் பாக்கறேன்னு. அவ சரின்னா டெக்னீஷியன்கிட்ட நான் பேசி ஆறாம் நம்பரை விட்டு வைக்கறேன். இல்லன்னா வெள்ளிக்கிழமை போட்டுடுவேன்."

"இது பப்ளிக் கேமரா மேடம். உலகமே பாக்குது."

"உலகம் பாக்கல. நீங்க பாக்கறீங்க."

அவர் முகம் சிவந்தது. பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களை அதட்டிய குரல் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். "நீங்க ஒரு பொத்தானை அமுக்கற ஆளு. அந்த வேலைய மட்டும் பாருங்க. எங்க வீட்டு விஷயத்துல நாட்டாமை பண்ண உங்களை யாரும் கூப்பிடல." நாளிதழ்ப் பகுதியில் இரண்டு தலைகள் திரும்பின. அவர் அன்றைக்குப் பார்க்காமலே போனார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் வரவில்லை. அவளுக்கு முதலில் நிம்மதி, பிறகு உறுத்தல், அப்புறம் வேறு ஒரு சந்தேகம். மகள் என்பதே உண்மைதானா? ஏமாற்றிப் போன யாரோ ஒரு பெண்ணாக இருந்தால்? கைவிட்ட மனைவியாக இருந்தால்? 'மக' என்று சொன்னால் யாருக்கும் மனம் இளகும் என்று தெரிந்தே சொல்லியிருந்தால்? ஒரு நாள் நான்கு மணிக்கு அறையில் யாரும் இல்லாதபோது அவளே ஆறாம் எண்ணின் முன் போய் உட்கார்ந்து, அவர் பார்க்கிற பக்கத்தைத் தேடித் திறந்தாள். அதே நாற்சந்தி. சிக்னல் மாறியது, மணிகள் கொட்டியது போல மனிதர்கள் பரவினார்கள். இவர்களில் யார்? வேகமாகப் போகிறவளா, ஃபோன் பேசிக்கொண்டே போகிறவளா, கூட்டத்தோடு சேராமல் ஓரமாகப் போகிற அந்த நீலச் சட்டையா? நீலச் சட்டை என்று அவளாகவே முடிவு செய்தாள். அது ஓரத்தில் மறையும்வரை பார்த்தாள். பார்த்து முடித்ததும், கடையில் எதையோ எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வைத்தவள் போல, அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவர் வந்தார். சட்டை புதிதாகத் தேய்த்திருந்தது. முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் மறைக்கப் பார்த்தார், அது மறையவில்லை.

"அன்னைக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார். 'மேடம்' போய் 'அம்மா' வந்திருந்தது. "சொல்லிட்டேன். தங்கச்சி மக ஃபோன்லேர்ந்து எல்லாத்தையும் எழுதி அனுப்பச் சொன்னேன். பதில் வந்துருச்சு."

"என்ன சொன்னா?"

"பாத்துக்கோங்கன்னு சொன்னா."

அவள் காத்திருந்தாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பாத்துக்கோங்க. வேற என்ன வேணும்?"

"ஃபோன்ல பேசினாளா?"

"இல்ல, எழுத்துல வந்தது. தங்கச்சி மக படிச்சுக் காட்டினா."

"எப்படிப் படிச்சா?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. எப்படிப் படிப்பார்கள், வாயால்தான் என்பது போலப் பார்த்தார். அவள் மனதுக்குள் அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இஷ்டம் போலப் பாருங்கள் என்பதற்கும் பாத்துக்கோங்கதான். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒருத்தர் பஸ் ஏறிப் போவதற்கும் பாத்துக்கோங்கதான். இனிமேல் என் வழிக்கு வந்தால் நடப்பதே வேறு என்று விரலை நீட்டுவதற்கும் அதேதான். குரல் இருந்தால் தெரியும். எழுத்தில் வந்த வார்த்தைக்குக் குரல் கொடுத்தது யாரோ ஒரு தங்கை மகள்; மாமா மனசு நோகக் கூடாது என்று நினைக்கிற பெண்ணாக அவள் இருக்கலாம். அப்படி ஒரு பதிலே வராமலும் இருக்கலாம்.

ஆனால் அவரிடம் தான் சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தை. "சரி, உக்காருங்க" என்றாள். அவர், "நீங்களும் வாங்க. எதை மறைக்கணும் இனிமே?" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆடுகிற நாற்காலி.

படம் தயங்கித் தயங்கி நகர்ந்தது. சிக்னல் இரண்டு தடவை மாறியது. இடது ஓரத்திலிருந்து மஞ்சளாக ஒரு வட்டம் படத்துக்குள் வந்தது. குடை. அதன் கீழே தலை தெரியவில்லை, தோள் தெரியவில்லை. நடக்கும்போது கால் நுனி மட்டும் முன்னால் வந்து வந்து போனது. அங்கே மழை இல்லை. வெயிலும் இல்லை, மேகம் போட்ட வெளுத்த காலை. சந்தியில் வேறு யாரும் குடை பிடித்திருக்கவில்லை.

"அதோ" என்றார் அவர், உடனே. "அவதான். அந்தக் கால் அவ கால்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அடையாளம் தெரியட்டும்னு குடை விரிச்சிருக்கா பாத்தீங்களா? இத்தனை பேருக்கு நடுவுல தேட வேண்டாம்னு" என்றார்.

 அந்தக் குடை தன் தலைக்குமேல் விரிந்திருப்பது போல, அதன் உள்நிழல்கூட அவளுக்குத் தெரிந்தது. சைக்கிள் நாட்களில் அப்படி ஒரு குடை இருந்திருந்தால் அவள் வெயிலென்றும் மழையென்றும் பார்த்திருக்கமாட்டாள். ஆனால் அவர் சொன்னதும் பொய்யென்று சொல்லிவிட முடியாது. குடை இல்லாத ஊரில் மஞ்சள் குடை, 'இதோ நான்' என்று கூவுகிற மாதிரியும்தானே இருக்கிறது?

வியாழனன்றும் குடை. அன்றைக்கு அவர் 'பாத்தீங்களா' என்று கேட்கவில்லை. போகும்போது, "அங்க வெயில் ஜாஸ்தியோ என்னமோ" என்று சொல்லிக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை டெக்னீஷியன் சொன்னபடியே வந்துவிட்டான். ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தவன், ஆறாவதில் பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தள்ளி எட்டுக்குப் போய், திரும்பி வந்தான்.

"இது மட்டும் ஏன் மேடம் பாக்கி?"

"ஒரு அரை மணி பொறுங்க. சொல்றேன்."

"ஒரு ஓட்டை இருந்தாப் போதும் மேடம், எட்டுக்குள்ளயும் பூந்துருவாங்க."

"கீழ டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கீழே போனான். அவனிடம் என்ன சொல்வது என்று அவள் தயார் செய்து வைத்திருந்தாள். ஓய்வூதிய அலுவலகத்தின் பக்கம் புதியதில் திறக்கவில்லை, ஒன்றாவது பழையதாக இருக்க வேண்டும் என்று. பொய்தான். எதையும் லேசில் நம்பாதவர்கள் சொல்லும் பொய்யை மற்றவர்கள் சீக்கிரம் நம்புவார்கள்.

மஞ்சள் குடை வந்தது. இன்றைக்கும் மழை இல்லை. அது பாதிக் கோட்டைக் கடந்து, நடுத் திட்டில் ஏறி, அங்கேயே நின்றது. கூட இருந்தவர்கள் மறுபாதியைக் கடந்து போனார்கள். சிக்னல் சிவந்தது. வண்டிகள் இரண்டு பக்கமும் தயங்கித் தயங்கிப் பாய்ந்தன. நடுவில் அந்த மஞ்சள் வட்டம் மட்டும் அசையாமல் இருந்தது. மறுபடி பச்சை விழுந்து அடுத்த கூட்டம் குடையைச் சுற்றிக்கொண்டு கடந்து போனது. அது நகரவில்லை.

"நிக்கறா" என்றார் அவர்.  கை தானாகப் போய்ச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகளால் அவரைப் பார்க்க முடியாது என்பதைப் பொறுப்பாளரும் சொல்லவில்லை. குடை இப்போது சாயும், கீழே இருந்து ஒரு முகம் நிமிரும் என்று அவளும்தான் காத்திருந்தாள். முகம் நிமிர்ந்தாலும் இந்தப் படத்தில் அது ஒரு வெளுத்த புள்ளியாகத்தான் இருக்கும். அதில் கோபமா பிரியமா என்று யாரும் படிக்க முடியாது.

குடை சாயவில்லை. மூன்றாவது பச்சைக்கு அது திட்டிலிருந்து இறங்கி, மெதுவாக, முன்பு போலவே நேராக நடந்து, ஓரத்தில் மறைந்தது.

அவர் பக்கத்தை மூடவில்லை. ஆளில்லாத சந்தியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "போட்டுடுங்கம்மா" என்றார்.

"என்னது?"

"புதுசு. போட்டுடுங்க."

இத்தனை நாளாக எந்த வார்த்தைக்காக அவள் மல்லுக்கு நின்றாளோ அதுவே வந்து விழுந்தபோது, எடுத்துக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. "அவசரப்படாதீங்க ஐயா. அவ உங்களுக்காகக்கூட நின்னிருக்கலாம்."

"இருக்கலாம்."

"அப்புறம் ஏன்?"

"பாத்துக்கோங்கன்னு அவ சொன்ன அந்த வார்த்தைய நேத்துலேர்ந்து விதவிதமாச் சொல்லிப் பாக்கறேன். எப்படிச் சொன்னாலும் பொருந்துது." மவுஸை அவரே பிடித்தார். மூலையில் வழக்கம் போல நீலப் பெட்டி காத்துக்கொண்டிருந்தது. நடுங்காத டிரைவர் கை. 'இப்போது' என்பதை அழுத்தினார். கோடு நிறையத் தொடங்கியது. பின்னால் சந்தி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, யார் யாரோ கடந்துகொண்டிருந்தார்கள். அது அணைவதற்குள் அவர் எழுந்துவிட்டார். கும்பிட்டார். செருப்பைப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது, படியிறங்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் கொஞ்சம் வேகமாக இருந்ததோ என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷத்துத் தவிப்பை ஒருத்தர் ஒரு பொத்தானில் விட்டுவிட்டுப் போவாரா? எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். கீழே வாசலைத் தாண்டினால் இடது பக்கம் பஸ் நிறுத்தம். வலது பக்கம் நாலு கடை தள்ளி ஒரு இன்டர்நெட் கடை இருந்தது. அங்கே இருக்கிற கணினிகளைத் துடைக்கக்கூட மாட்டார்கள், புதுப்பிக்கவா போகிறார்கள்?

அவர் வெளியே வந்தார். மேலேயிருந்து பார்க்க நடுமண்டை வழுக்கையும் வெள்ளைச் சட்டையின் தோள்களும்தான் தெரிந்தன. நடைபாதை விளிம்பில் போய் நின்றார்.

"ஆறாவதும் முடிஞ்சுது மேடம்" என்று பின்னாலிருந்து டெக்னீஷியன் சொன்னான். எப்போது மேலே வந்தான் என்று தெரியவில்லை. "வந்து பாக்கறீங்களா?"

"ம்" என்றாள், திரும்பாமல்.

வண்டிகள் நின்றன. அவரைச் சுற்றி நின்றவர்கள் கடந்து போனார்கள். அவர் இடமும் திரும்பவில்லை, வலமும் திரும்பவில்லை. தலையை லேசாக நிமிர்த்துவது போல இருந்தது. பொறுப்பாளர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்து அரை அடி பின்னால் நகர்ந்தாள், அவர் கண்ணில் படாமல், ஆனால் அவரை இன்னும் பார்க்க முடிகிற இடத்துக்கு.